மைனியின் பின்னால் மூன்று மாதம்

எங்கள் அம்மைக்குச் சர்க்கரையால் ஒரு காலையே எடுத்துவிட்டார்கள். அதனால் சுகாதார நிலையத்தில் எனக்கும் சர்க்கரை 'பார்டர்', எல்லையில் நிற்கிறது என்றதும் பயந்துபோனேன். அடுத்த வீட்டில் இருக்கும் மைனிக்கும், அதாவது என் அண்ணன் மனைவிக்கும், அதே பார்டர். மூன்று மாதம் நடந்து பாருங்கள், குறையாவிட்டால் மாத்திரை என்று சொல்லி நர்ஸ் சிஸ்டர் எங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். காலையில் அவர் வீடியோ வரும். மாலையில் எத்தனை அடி நடந்தோம் என்று போன் காட்டுவதை நாங்கள் குழுவில் போட வேண்டும்.

முதல் வாரமே மைனி எட்டாயிரம். நான் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. குழுவில் அவளுக்குக் கைதட்டலும் பூவும் குவிந்தன. எனக்கு வயிறு எரிந்தது. மீன்குழம்பில்தான் அவள் பேர் வாங்கினாள், போகட்டும், இப்போது நடையிலுமா? போனை மாட்டின் கழுத்தில் கட்டி விடுகிறாள் என்றே முடிவு செய்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் காலையில் அவள் பின்னால் கிளம்பினேன். வாய்க்காலை ஒட்டிய சானல்கரையில் அவள் முன்னே, நான் வாழைகளுக்குள் பதுங்கிப் பதுங்கி மூச்சு வாங்கப் பின்னே. இரணியல் ஸ்டேஷன் வரை ஆடி அசைந்து போய்த் திரும்பினாள், சண்டாளி! நாளைக்காவது ஆட்டோ ஏறாமலா போவாள் என்று அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். என் எண்ணிக்கையும் ஏறியது, ஆனால் எப்போதும் அவளுக்கு நூறு இருநூறு கீழேதான்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கு நன்றாகக் குறைந்திருந்தது. மைனிக்கு அப்படியே நின்றது.

"நடந்தா மட்டும் போதாதுக்கா. மூச்சு வாங்க வேகமா நடக்கணும்னு எத்தன வீடியோ போட்டேன்!" என்று சிஸ்டர் மைனியைக் கடிந்துகொண்டார். டாக்டர் மாத்திரை எழுதினார். மைனி சீட்டை வாங்கிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆமாம், இருந்தது.

வெளியே வந்ததும் சும்மா இருக்க முடியாமல் குத்தினேன். "என்ன மைனி, எட்டாயிரம் எட்டாயிரம்னு போட்டியளே. கொஞ்சம் வேகமா நடக்கப்பிடாதா?"

"நடக்கலாம் ஏட்டி. நீ மூச்சு முட்டிப் பொறத்தால வாறது முதல் நாளே கேட்டுது. நான் வேகமா போனா நீ பாதியில திரும்பிருவ. மாமிக்க கால எடுத்தப்போ நானும் கூடத்தான இருந்தேன்."

மாத்திரைச் சீட்டு அவள் கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழும்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் இடத்தில் நானாக இருந்திருந்தால் பின்னால் வருபவளை விட்டுவிட்டு ஓடியே போயிருப்பேன்.