பள்ளிகொண்டாவில் ஒட்டிய ஷூ

கடையில் ஷூவைக் கையில் எடுத்தால் நான் முதலில் விலையைப் பார்க்க மாட்டேன். சோலின் முனையை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். ஆம்பூரில் பிறந்து, அம்மா ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை செய்ய, நான் வேறு எப்படி ஷூ வாங்குவது? வீட்டில் யார் செருப்பு பிரிந்தாலும், நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் அம்மாவிடம் யாரும் நீட்ட மாட்டோம். எட்டாம் வகுப்பிலிருந்தே நான்தான் ஒட்டுவேன். எங்கள் தெருவுக்கே ஒட்டியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிரில் கை வைத்தவள் என் தோஸ்த். ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டில் நெல்லும் மாடும். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். வந்த வாரமே ஓட்டத்தில் என்னைத் தோற்கடித்தாள். அடுத்த வாரம் நான் அவளைத் தோற்கடித்தேன். அப்படித்தான் சேர்ந்தோம். இருவருக்கும் கால் ஒரே சைஸ் வேறு. அவசரத்துக்கு ஒருத்தி செருப்பை இன்னொருத்தி மாட்டிக்கொண்டு போய்விடுவது எங்களுக்குச் சாதாரணம்.

பிளஸ் டூ முடித்ததும் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஆள் எடுத்தார்கள். எண்ணூறு மீட்டருக்கு ஒரே ஓர் இடம். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். எனக்குக் கிடைக்காவிட்டால் அம்மா எப்படியாவது ஆம்பூரிலேயே ஒரு காலேஜில் சேர்த்துவிடுவாள். அவளுக்குக் கிடைக்காவிட்டால் ஊர் முனையில் வந்து நிற்கும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகவேண்டியதுதான். அவள் அப்பா சூப்பர்வைசரிடம் சொல்லியே வைத்துவிட்டார். இதெல்லாம் தெரிந்துதான் இருவரும் ஒரே வண்டியில் கிளம்பினோம்.

"கிரவுண்டுல நீ யாரோ நான் யாரோ. அது வரைக்கும் ஒண்ணாதான் போறோம்" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

லைசென்ஸ் வந்த புதிது. அம்மாவின் ஸ்கூட்டி. ஊர் எல்லையைத் தாண்டி நான் ஓட்டியதே இல்லை, ஆனால் அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் வெயில் ஏறுவதற்குள் கிளம்பி, லாரிகளுக்கு வழிவிட்டு இடது ஓரமாகவே போனேன். மாதனூர் தாண்டியும் அவள் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். வரும்போது விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போகவேண்டும், ஹாஸ்டலில் சப்பாத்தி போடுவார்களாமே, இப்படி. யாருக்கு ஹாஸ்டல் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பள்ளிகொண்டாவில் டீக்கு நிறுத்தினேன். அவள் இறங்கி நாலு எட்டு வைத்தாள். வலது ஷூவின் சோல் முன்பக்கமாக வாயைப் பிளந்தது.

எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கடையில் வாங்கிய நல்ல ஷூ அது. இந்த நாளுக்கென்று ஒரு வருஷத்துக்கு மேல் பெட்டியிலேயே வைத்திருந்தாள். பழகியதெல்லாம் வெறுங்காலில். போடாமல் வைத்தால் ஒட்டின பேஸ்ட் செத்துப்போகும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சொல்லியிருப்பேன், ஆனால் பெட்டியைத் திறந்தே காட்டவில்லை மகராசி. ஷூ இல்லாமல் கோட்டில் நிற்கவே விடமாட்டார்கள் என்று பி.டி. மிஸ் முன்னாலேயே எச்சரித்திருந்தார். அந்த நேரத்துக்கு எந்தச் செருப்புக்கடையும் திறந்திருக்காது. அவள் பிளந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேஜார் ஆவாத. நான் ஒட்டித் தர்றேன்" என்றேன்.

டீக்கடையை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. பாய் அப்போதுதான் திறந்து கூட்டிக்கொண்டிருந்தார். சொல்யூஷனும் உப்புத்தாளும் கேட்டேன்.

"இது டியூபுக்கும்மா. ஷூவுக்கு நிக்குமா?"

"ரப்பர்தான பாய், நிக்கும். தேய்க்கிறதுல இருக்குது."

பழைய பேஸ்ட்டை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்தேன். இரண்டு பக்கமும் மெலிசாகத் தடவினேன். சோலையும் ஷூவையும் விரித்தபடி வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"ஒட்டுடி" என்றாள்.

"காயணும்."

"காஞ்சிட்டா எப்பிடி ஒட்டும்?"

"இது கோந்து இல்ல. தொட்டா கையில ஒட்டக்கூடாது. அப்போ அமுக்குனாதான் புடிக்கும்."

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். வேலூர்ப் பக்கம் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"வேணும்னே காய வுடுறியா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவளை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பேன். கிளப்பாததற்கு ஒரே காரணம், சோல் அமுக்கும் பதம் அப்போதுதான் வந்திருந்தது. பதம் வந்ததை விட்டுவிட்டுப் போக என் கை விடாது. முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போய், பாயின் சுத்தியலை வாங்கி ஓரமெல்லாம் தட்டினேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே தட்டினேன். பிறகு என் கால் ஷூ இரண்டையும் கழற்றி அவள் முன்னால் போட்டேன்.

"இந்தா, இத போட்டுக்கினு ஓடு. ஒட்டுனத நான் போட்டுக்கறேன்."

வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவள் குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டாள்.

கேட்டது கூடப் பரவாயில்லை. கட்டிக்கொண்டதுதான் வலித்தது. வண்டியைக் கிளப்பினேன். விரிஞ்சிபுரம் கோயில் பலகை வந்தது, போனது. தோளைப் பிடித்து உட்கார்ந்து வந்தவள், இப்போது பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை.

மைதானத்தில் ஏகப்பட்ட பெண்கள். பெயர் பதிந்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். நான் கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையைக் கூப்பிடும் நேரம் அவள் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். என் ஷூ அவள் கையில் இருந்தது.

"கழட்டு. என் ஷூவ குடு."

"எதுக்கு? பிரிஞ்சி வுழுந்துட்டா?"

"பிரிஞ்சா என் கால்ல பிரியட்டும். அத போட்டுக்கினு நீ தோத்து, நான் ஜெயிக்க வேணாம்."

"பிரியாது" என்றேன்.

"தெரியும். குடு."

எவ்வளவு நேரமாகத் தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. கூப்பிட்டுவிட்டார்கள். புழுதியில் உட்கார்ந்து இருவரும் அவசரமாக லேஸ் கட்டினோம். அவள் முடிச்சு அவிழ்ந்தது, நான்தான் இழுத்துக் கட்டினேன்.

முதல் சுற்றில் நான் முன்னால். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவு வரைக்கும் நான்தான் முன்னால். விட்டுக்கொடுத்தேன் என்று பிறகு எங்களோடு படித்த சிலர் பேசினார்கள். இன்றைக்கு யாராவது அப்படிச் சொன்னாலும் சண்டைக்குப் போவேன். உயிரைக் கொடுத்து ஓடினேன். வளைவு முடிந்து நேர்க்கோடு வந்தபோது அவள் காலடிச் சத்தம் என் பக்கத்தில் வந்தது, பிறகு முன்னால் போனது. அந்த வலது காலைத்தான் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒவ்வொரு எட்டுக்கும் அந்த சோல் தரையை உதைத்து எழுந்தது. பிரிந்துவிடக்கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. பிரிந்தால் இடம் எனக்குத்தான் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

அவள் முதல், நான் இரண்டாவது. இடம் ஒன்றுதான்.

கோட்டைத் தாண்டி மல்லாந்து விழுந்தேன். அழுகை வந்தது. தோற்ற கோபம்தான், வேறொன்றுமில்லை. அவள் மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"இழுத்துப் பாரு" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சோலின் முனையை நகத்தால் நெம்பினேன். அசையவில்லை.

"நான் ஒட்டுனதுடி. எப்பிடி வரும்?" என்றேன்.