ஹரல்ட் சேரின் இடத்துக்கு வந்தவன்

ஹரல்ட் சேருக்குப் பிரியாவிடை நடந்த மாலையில் கண்டல்முனையில் ஒருவரும் தோணி இறக்கவில்லை. வாவிக்கரை நெடுகத் தோணிகள் சும்மா கிடக்க, ஊரே இளந்தாரகை விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில் நின்றது. நகரத்துப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறை போட வந்து, அப்படியே இங்கே தங்கிவிட்டவர் ஹரல்ட். இருபத்தேழு வருடம் கழகத்தின் உதைபந்தாட்ட அணியைப் பயிற்றுவித்தார். பிள்ளைகளை வெளியே விடவே தாய்மார் பயந்த சண்டைக் காலத்திலும் அவர் பயிற்சியை நிறுத்தியதில்லை. மாவட்டத்தில் அவர் வெல்லாத கிண்ணம் இல்லை. எழுபது வயதில் இனிப் போதும் என்று அவராகவே சொன்னபோது சிலர் அழுதேவிட்டார்கள்.

அடுத்தது யார் என்ற கேள்வியே எழவில்லை. அவர் சுதாகரனைக் கைகாட்டினார். சுதாகரனுக்கு நாற்பத்து மூன்று வயது. மின்சாரக் கட்டணத்துக்காக வீடு வீடாக மீற்றர் வாசிக்கும் வேலை. ஒரு காலத்தில் அணியின் தலைவன். இடது முழங்கால் பழுதாகி விளையாட்டை விட்ட பிறகு, ஹரல்டின் உதவியாளனாகவே காலம் போனது. மேடையில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஹரல்ட் சொன்னார்: "இவன் என்ட கையால வளந்தவன். என்னைப் பாத்த மாதிரி இவனையும் பாருங்க."

கழகத் தலைவர் வினாயகமூர்த்தி ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் லேசில் கீழே வைக்கமாட்டார். ஹரல்ட் சேர் மனிதரே இல்லை, ஊருக்குக் கிடைத்த வரம் என்று அன்று நெடுநேரம் முழங்கினார். புதிய பயிற்றுவிப்பாளரைப் பற்றி அவர் சொன்னது ஒரே வசனம். கிண்ணங்கள் தொடர்ந்து வரும் என்று எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் பயிற்சிக்கு ஹரல்டும் வந்தார். வேலி ஓரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பழக்கம் விடாது, ஒரு கிழமைக்கு வரட்டும் என்று சுதாகரன் நினைத்தான். ஒரு கிழமை ஒரு மாதமானது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சுதாகரன் ஒன்றைச் சொன்னால் பையன்கள் முதலில் வேலிப்பக்கம் கிறுகிப் பார்ப்பார்கள். அவர் தலையை அசைத்தால் ஓடுவார்கள், அசைக்காவிட்டால் பூட்ஸ் நாடாவைக் கட்டத் தொடங்குவார்கள். பின்கள ஆட்டக்காரர்களை இன்னும் முன்னுக்கு ஏறி விளையாட வைக்க சுதாகரன் பாடுபட்டான். வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு கை மெல்ல உயர்ந்து பின்னால் போகச் சொல்லும். பையன்கள் பின்னால் போய்விடுவார்கள். விசில் வாயில் இருக்க, தன் முன்னால் பத்துப் பதினைந்து முதுகுகள் வேறொருவரைப் பார்த்து நிற்பதைக் காணும்போது அவனுக்கு நாக்கில் கசந்தது.

வேலை நேரத்திலும் விடுதலை இல்லை. மீற்றர் வாசிக்கப் போகிற வீட்டு வாசற்படலை ஒவ்வொன்றிலும் யாராவது இருந்தார்கள். முதல் ஆட்டத்தை வென்றபோது, சேர் போட்டுவைத்த அத்திவாரம் என்றார்கள். இரண்டாவதைச் சமன் செய்தபோது, சேர் இருந்திருந்தால் என்றார்கள். மூன்றாவதில் தோற்றதும் ஒரு வீட்டில் நாயைக் கட்டவே இல்லை. உள்ளேயிருந்த மனிதர் சிரித்துக்கொண்டே யன்னலால் பார்த்தார். பிரியாவிடை நாளில் சுதாகரனுக்கு மாலை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இருந்தாலும் அணி வாவிக்கரைக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பாதிக் காரணம் பிரட்லி. ஹரல்டின் மகள் றொவீனாவின் மகன். இருபது வயது, பந்து காலில் ஒட்டிக்கொண்டதுபோல் ஓடுவான். அரையிறுதியில் அவனுடைய வலது கணுக்கால் மடங்கிப்போனது. இரண்டு நாளில் பனங்காய் அளவுக்கு வீங்கியது. சுதாகரன் அவனைக் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே படம் பிடித்துக் காட்டினான். எலும்பு உடையவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு கிழமைக்குப் பந்தைத் தொடக்கூடாது என்றார் வைத்தியர். அப்படியானால் அவன் விளையாட மாட்டான் என்று சுதாகரன் கழகத்துக்குச் சொல்லிவிட்டான். வினாயகமூர்த்தி மறுக்கவில்லை. பார்ப்போம் என்றார்.

இறுதி ஆட்டம் நகரத்தில், ஏறாவூர் அணியோடு. இடைவேளையில் இளந்தாரகை ஒரு கோல் பின்தங்கியிருந்தது. உடை மாற்றுவதற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கொடுத்திருந்தார்கள். நடுவரோடு பேசிவிட்டு சுதாகரன் உள்ளே நுழைந்தபோது, மேசைமேல் பிரட்லி மல்லாந்து கிடந்தான். இரண்டு பேர் அவன் தோளை அமத்திப் பிடித்திருந்தார்கள். காலடியில் நல்லரத்தினம் குனிந்து நின்றார். முன்பு ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தவர், ஹரல்டின் பழைய கூட்டாளி. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கணுக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றக் கையில் ஊசி. ஹரல்ட் பேரனின் தலைமாட்டில் நின்று நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

சேரின் மருந்து என்று கழகத்தில் இதற்குப் பெயர். ஒளிவுமறைவான காரியம் அல்ல. காயப்பட்டவனின் காலை ஊசியால் மரத்துப்போக வைத்து ஆட்டத்தில் இறக்குவது ஹரல்டின் வழமை. சுதாகரனுக்கும் ஒரு இறுதி ஆட்டத்தில் இதே நல்லரத்தினம்தான் முழங்காலில் குத்தினார். அன்று அவன் அடித்த கோலைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. ஆட்டம் முடிந்து ஊசியின் வேகம் இறங்கியபோது அந்தக் கால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அது ஒழுங்காக மடங்கியதே இல்லை. அதைச் சேருக்குத் தான் கொடுத்த காணிக்கை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தான். இப்போது ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. வீங்கி நீலம் பாரித்த அந்தக் காலையும், அதன்மேல் நல்லரத்தினத்தின் மஞ்சள் பிடித்த நகங்களையும் பார்த்தான். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓங்காளித்தான்.

திரும்பி வந்து, ஊசியைக் கீழே வைக்கச் சொன்னான்.

"பறையாத சுதா, நேரமில்ல" என்றார் ஹரல்ட், கோபமே இல்லாமல். "இவன் என்ட பேரன். இவனுக்குக் கெடுதல் செய்வனா நான்? உனக்கும் போட்டம்தானே. நீ கோல் அடிச்சாய்தானே."

"அந்தக் கோலை இண்டைக்கும் எல்லாரும் சொல்றாங்க சேர். என்ட கால் எப்பிடி இரிக்கெண்டு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல."

ஹரல்ட் அவனை உண்மையாகவே விளங்காதவர்போலப் பார்த்தார். அதுதான் சுதாகரனுக்குப் பொறுக்கவில்லை. மனிதர் நடிக்கவில்லை. இழுத்து நடக்கும் இந்தக் காலை இத்தனை வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் காணவில்லை.

பிரட்லி மேசையில் கிடந்தபடியே தான் விளையாடத்தான் போவதாகக் கத்தினான். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அவனை இறக்கமாட்டேன், இன்றைக்கு நான்தான் பயிற்றுவிப்பாளர் என்றான் சுதாகரன். நடுவரிடம் கொடுக்கும் மாற்றுச் சீட்டில் பிரட்லியின் பெயரை எழுதவே இல்லை. நல்லரத்தினம் ஊசியைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இளந்தாரகை இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. கடைசி விசில் ஊதியதும் போத்தல்கள் வந்து விழுந்தன. எறிந்தவர்கள் ஏறாவூர்க்காரர்கள் அல்ல, கண்டல்முனைக்காரர்கள். ஏறாவூர்ப் பயிற்றுவிப்பாளர் மட்டும் வந்து கைகொடுத்தார். அணியை ஏற்றிவந்த வேன் சுதாகரனை ஏற்றாமலே போய்விட்டது. அவன் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது சட்டையில் யாரோ துப்பிய வெற்றிலை எச்சில் காய்ந்திருந்தது. மனைவி யசோதினி அந்தச் சட்டையை இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுபோய் வாளியில் போட்டாள். கழுவவில்லை, பிறகு எரித்துவிட்டாள்.

அந்தக் கிழமையே நிர்வாகக் குழு கூடி, ஹரல்ட் சேரை மீண்டும் வரும்படி கேட்டது. கழகத்துக்காக வருகிறேன் என்றார் அவர். மறுபடி மாலை, மறுபடி ஒலிவாங்கி. சுதாகரனுக்கு ஒருவரும் நேரில் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மீற்றர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அடுத்து வந்த கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே பிரட்லிக்கு ஊசி போட்டார்கள். றொவீனா நகரத்தில் தையற்கடையில் வேலையாக இருந்த நேரம் அது. அவன் முழு ஆட்டமும் ஆடினான், மூன்று கோல் அடித்தான், தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வெடிச்சத்தம் சுதாகரனின் வீட்டு முற்றம்வரை கேட்டது. இரவு முழுவதும் பிரட்லி கத்தியதாக றொவீனா பின்னர் யசோதினியிடம் சொன்னாள். கணுக்கால் முற்றாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துக் கட்டுப்போட்டார்கள். ஓடுவதை மறக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுதாகரனால் விழுங்க முடியாதது. பிள்ளையின் கால் சுதாகரனின் காலத்திலேயே பழுதாகிவிட்டது, அவன் சரியாகக் கவனிக்கவில்லை என்ற கதை ஊரில் பரவியது. கதை எங்கேயிருந்து புறப்பட்டது என்பது யாருக்கும் புதிராக இருக்கவில்லை. கோயில் வீதியில் நின்று வினாயகமூர்த்தியே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். படலைகளில் பெண்கள் அவனைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு கிழவி, ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே மனே என்று முகத்துக்கு நேரேயே கேட்டாள்.

ஹரல்டின் வீடும் அவன் வாசிக்கும் வீடுகளில் ஒன்று. ஹரல்டின் மனைவி வினிபிரட் வழக்கம்போல அவனை உள்ளே இருத்திக் கேக் துண்டும் தேத்தண்ணியும் வைத்தாள். ஹரல்ட் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். சுதாகரன் கேக்கைத் தொடவில்லை. ஊர் சொல்வது பொய் என்று உங்களுக்குத் தெரியும், ஒருவருக்காவது சொன்னீர்களா என்று கேட்டான்.

ஹரல்ட் பத்திரிகையை மடித்தார். "ஆக்கள் கதைக்கிறத நான் எப்பிடி நிப்பாட்டுற, மகன்? கொஞ்ச நாளில மறந்திடுவாங்க." பிறகு கேக் தட்டை அவன் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. அன்ரி உனக்கெண்டு வெட்டினது."

அந்தக் கை தன் தோளைப் பிடித்த கை, பிரட்லியின் நெற்றியைத் தடவிய கை. சுதாகரன் எழுந்து மீற்றரை வாசித்துக் கட்டணத் துண்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். யாரையாவது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல, வழியில் எதிர்ப்பட்டவர்களுக்கு விலகி நடந்தான். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினான். என்ன பட்டது என்று யசோதினி கேட்டாள். ஒன்றும் படவில்லை என்றான்.

கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் பாலர் பாடசாலைக் கட்டடத்தில் நடந்தது. பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்வதும் அன்றுதான். உறுப்பினன் என்ற முறையில் சுதாகரன் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தான். கூட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் றொவீனா வாசலில் வந்து நின்றாள். கழகக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. உறுப்பினர் மட்டும் என்று யாரோ சொன்னார்கள். அவள் நகரவில்லை.

"என்ட மகன்ட காலைச் சுதா அண்ணன் பழுதாக்கல்ல" என்றாள். "அவர் வேணாமெண்டவர். ஊசி குத்தினது இந்த நல்லரத்தினம். குத்தச் சொன்னது என்ட அப்பா. அப்பா இங்கதான் இரிக்கார். இல்லையெண்டு சொல்லட்டும்."

ஹரல்ட் முன்வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். இது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விசயம், தங்கச்சியின் மனவேதனை எங்களுக்கும் விளங்குகிறது என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போனார். ஹரல்ட் சேர் தொடர்வதை விரும்புகிறவர்கள் கையை உயர்த்தலாம் என்றார்.

கைகள் உயர்ந்தன. கடற்றொழில் செய்கிறவர்களின் கை, கடைக்காரரின் கை, பிரட்லியைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் கை. நல்லரத்தினம் உயர்த்தினார். நடுவில் ஒரு வாங்கில் பிரட்லி, ஊன்றுகோல் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு, தாயைப் பாராமல் கையை உயர்த்தினான். நிமிர்த்தி, முழுதாக உயர்த்தினான். றொவீனா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அழுவாள் என்று சுதாகரன் நினைத்தான். அவள் முகத்தில் இருந்தது அழுகை அல்ல. கறியில் புழுவைக் கண்டவளின் முகம் அது.

சுதாகரன் எழுந்து வெளியே வந்தான். பின்னால் வினாயகமூர்த்தி, கோபிக்காமல் வடை சாப்பிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போகலாமே என்று அன்பாகக் கூப்பிட்டார். உண்மையாகவே அன்பாகத்தான். தெருவில் றொவீனா தனியாக நடந்துகொண்டிருந்தாள். சுதாகரன் சைக்கிளை உருட்டியபடி அவளோடு வீடுவரை போனான். படலையில் வைத்து, அப்பாவை இனி வீட்டுக்குள் எடுக்கமாட்டேன் என்று மட்டும் அவள் சொன்னாள். சொன்னபடியே எடுக்கவுமில்லை.

அடுத்த மாதம் சுதாகரன் அலுவலகத்தில் கேட்டுத் தன் பகுதியை மாற்றிக்கொண்டான். இப்போது அவன் வாசிப்பது உன்னிச்சைக் குளத்துப் பக்கத்து வீடுகளை. தூரம் அதிகம், வெயில் அதிகம், வீட்டுக்கு வீடு நெடுந்தூரம் வயல்வட்டை வரம்பால் போகவேண்டும். கால் வலிக்கிறது. ஆனால் அங்கே படலைக்கு வருகிறவர்கள் வெள்ளாமையைப் பற்றிப் பேசுகிறார்கள், குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்கிறார்கள், பில் கூடிவிட்டது என்று அவனோடு சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையை அவன் பொறுமையாகக் கேட்கிறான். இளந்தாரகை இந்த வருடமும் கிண்ணம் வென்றதாம். யசோதினி சொல்லித்தான் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன், மேலே சொல்லவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுச் சாப்பிட்டான்.