சிற்றாற்றில் விட்ட பொட்டலம்

குற்றாலத்தில் சாரல் பிடித்த அன்று காலை, நான் வேலை பார்க்கும் லாட்ஜில் ஒருவருக்கு அறைச் சாவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மகன் குமார் போனில் கூப்பிட்டான். "எப்பா, பூக்கடை அண்ணாச்சி போயிட்டாவ." வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சாவி வாங்கியவர் இரண்டு முறை கேட்டார்.

தென்காசிக் கோயில் பக்கம் பூ வாங்கியவர்களுக்குக் கோமதிநாயகம் அண்ணாச்சியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழம் போடும்போது கையைச் சுருக்காத மனிதர். பேரம் பேசினால் சிரிப்பார். பூவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால்தான் கோபம் வரும். "மோந்த பூவ சாமிக்கு எப்பிடிலே குடுக்கது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சத்தம் போடுவார்.

பூக்கட்டிப் பார்க்கவும் அவரைத்தான் கூப்பிடுவோம். வெள்ளைப் பூ ஒரு இலைப் பொட்டலத்தில், சிவப்புப் பூ இன்னொன்றில். இரண்டையும் சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அவர் கட்டினால் இரண்டு பொட்டலமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்.

குமாருக்கு ராணுவத்தில் வேலை கிடைத்தபோது, பூக்கட்டிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றாள் என் மனைவி. முதல் நாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, ரெண்டுலயும் செவப்பே வச்சிருங்க. எனக்கு ஒத்தப் பிள்ள."

அவர் கட்டிக்கொண்டிருந்த மாலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சாமிகிட்ட கேக்கணும்னா கேளு தம்பி. சொல்லிக் குடுக்காத."

நான் வெட்கமில்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைசியில் "சரி, போ" என்றார்.

மறுநாள் சிற்றாற்றங்கரையில் எங்கள் குலசாமி கோயிலில் என் மனைவி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு அரளி. குமார் ஆற்றுப் படியில் போய் உட்கார்ந்துவிட்டான். மற்றப் பொட்டலத்தை யாராவது பிரித்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் நானே அதை எடுத்து ஆற்றில் விட்டேன். அது மிதந்து மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குமாரை அனுப்பவில்லை. எட்டே மாதம். செங்கோட்டையிலிருந்து பைக்கில் வரும்போது சாரல் மழையில் லாரி மோதி, குமாருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பூக்கடைக்குப் போனேன். "நாம ரெண்டு பேருமாச் சேந்து என் பிள்ள கால எடுத்துட்டோம் அண்ணாச்சி."

"நான் ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செவப்புதான் வச்சேன் தம்பி. வந்தது சாமி குடுத்தது."

"என்னத் தேத்துததுக்குப் பொய் சொல்லுதீங்க."

"நம்புனா நம்பு. சாட்சி கேக்காத."

அதன்பின் லாட்ஜ் சாமி படத்துக்கு வேறு கடையில் பூ வாங்கினேன். அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம், "தம்பி, அங்கன சாரல் எப்படி இருக்கு?" என்று கேட்பார். காது கேளாதவன்போலப் போவேன். ஒன்பது வருடம் அப்படிப் போனேன்.

அண்ணாச்சி இறந்த அன்று, துட்டி வீட்டில் குமார் செயற்கைக் காலோடு காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தான். "உக்காருலே" என்றேன். என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"எப்பா, பூக்கட்டிப் பாத்ததுக்கு மொத நாளு காலைல நான் அண்ணாச்சி கால்ல விழுந்தேன். ரெண்டுலயும் வெள்ளையே வைங்கன்னு. 'சரி, போலே'ன்னாவ. செவப்பு வந்ததும் சண்டைக்குப் போனேன். 'ஒங்கப்பன்ட்ட இத மூச்சு விடமாட்டேன், நீ போ'ன்னு சொல்லிட்டாவ."

இரண்டு பேரிடமும் 'சரி' என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் சாமியிடமே விட்டிருக்கிறார். அவர் 'கேக்காத' என்று சொன்ன சாட்சி என் மகன்தான். அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, என் வாயால் பொய்யன் என்ற பெயரைச் சுமந்திருக்கிறார். ஆற்றில் விட்ட பொட்டலத்தை அன்று நான் பிரித்திருந்தால், வெள்ளைப் பூ இருந்திருக்கும்.

"நானும் கேட்டேன்லே, ரெண்டுலயும் செவப்பே வைங்கன்னு" என்றேன். குமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து செயற்கைக் காலைத் தடவினான்.

"அப்ப இது சாமியாக் குடுத்ததுதானாப்பா?"

நான் செய்த பாவம் என்று அழுவது எனக்கு எளிதாக இருந்தது. இது நான் செய்ததே இல்லை என்பதைத் தாங்குவது கஷ்டமாக இருக்கிறது. சாமியோடு சண்டை போட்டுப் பார்த்தாயிற்று. அண்ணாச்சியைப்போல சாமி திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் இருப்பது, நான் பதில் சொல்லாத அந்தச் சாரல் விசாரிப்பும் 'சொல்லிக் குடுக்காத' என்ற ஒரு சொல்லும்தான். பதினாறாம் நாள் கழிந்து அவர் மகள் கடையைத் திறந்தாள். போய் இரண்டு முழம் கேட்டேன்.

"என்ன வேண்டுதல் சித்தப்பா?"

"ஒண்ணும் கேக்கல தாயி. சும்மா சாத்தணும்."