சாவி கமர்ஜஹான் கையில்

பேகம்பூர்ப் பக்கம் தையல் மிஷின் மக்கர் பண்ணினால் அந்தக் காலத்தில் எல்லாரும் போய் நின்றது முகமது பாரூக் கடையில்தான். கடை பாரூக் பெயரில் இருந்தது, வேலை அவர் பெண்டாட்டி கமர்ஜஹான் கையில் இருந்தது. இது ஊருக்குத் தெரியாது. பாரூக்குக்குக் கண்ணில் புரை விழுந்து, திருகாணித் தலை எது ஊசி முனை எது என்று தெரியாமல் போன பிறகு மூன்று வருஷம் இந்தக் கூத்து நடந்தது. அவர் மிஷின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து இவள் பிரித்து மாட்டுவாள். மறுநாள் வாங்க வருகிறவன், "பாரூக் பாய் கை பட்டா மிஷினு வெண்ணெயா ஓடுதப்பா" என்று சொல்லிவிட்டுப் போவான். புருஷன் பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

1956-இல் பாரூக் மௌத்தானார். புருஷன் போனால் வெளியே வராமல் வீட்டோடு இருக்கிற இத்தாவை நாலு மாதம் பத்து நாள் இருந்து எழுந்த மறுநாள் காலையில், கமர்ஜஹான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைப் பூட்டைத் திறந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தெருவே வாயைப் பிளந்தது. வேடசந்தூரிலிருந்து சைக்கிளில் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்த டெய்லர் பொம்மையன் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"கடையில ஆளு யாரும் இல்லீங்களா?"

"ஏன், நான் என்ன சாக்கு மூட்டையா? மிஷினை இறக்குங்க."

இறக்கினார். முக்கால் மணி நேரத்தில் மிஷின் ஓடியது. பொம்மையன் தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "பாய் பண்ணுன மாதிரியே இருக்குங்க" என்றார். கமர்ஜஹானுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

எல்லாரும் பொம்மையன் மாதிரி இருந்துவிட்டால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பாரூக்குக்கு ஓர் அண்ணன் இருந்தார், மீரான். ஊருக்கு வெளியே தோல் பதனிடுகிற தோல் ஷாப் வைத்திருந்தார். அவர் வாரம் தவறாமல் தம் அம்மா காதர் பீவியிடம் வந்து உட்கார்ந்துகொண்டு, "குடும்பத்துப் பொம்பளை கடைத்தெருவுல உக்காந்தா நம்ம மானம் என்னம்மா ஆகுறது?" என்று புலம்புவார். மானமாம் மானம்! பதம் பண்ணின தோலை அடுக்கி வைக்க அவருக்கு ஓர் அறை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சங்கதி. கடைக் கட்டடம் காதர் பீவிக்குச் சொந்தம். அந்த அம்மா மகன் பக்கமும் பேசவில்லை, மருமகள் பக்கமும் பேசவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, "பாப்போம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

1958-இல் மீரானின் மூத்த மகள் குர்ஷித் பேகத்துக்கு வத்தலக்குண்டில் மாப்பிள்ளை அமைந்தது. அந்த வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. காதர் பீவியின் புருஷன், அதாவது மீரானின் அத்தா, கொடைக்கானல் மலையை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது அதில் ஒரு பொம்மை ரயில் இருந்தது. முழங்கை நீளத்துக்குக் கறுப்பு எஞ்சின். பக்கவாட்டில் ஓட்டை. அதில் சாவியைப் போட்டுச் சுற்றினால் உள்ளே வில் இறுகும், விசையைத் தள்ளினால் கடகடவென்று ஓடும். நிக்காஹ் முடிந்ததும் கூடத்தில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, பின்பெட்டிகளில் கற்கண்டும் பேரீச்சம்பழமும் நிரப்பி ஓட விடுவார்கள். முதல் சுற்று சம்பந்திக்கு, இரண்டாம் சுற்று பெரியவர்களுக்கு, மூன்றாம் சுற்றில் மாப்பிள்ளை கையை நீட்டிக் கற்கண்டு எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் கல்யாணம் நிறைந்ததாகவே யாரும் நினைப்பதில்லை.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது எடுத்துப் பார்த்தால், எஞ்சின் அசைய மாட்டேன் என்றது. மீரான் மதுரையில் ஒரு கடிகாரக்காரரிடம் கொடுத்தனுப்பினார். அவர் புது வில் போட்டுத் திருப்பியனுப்பினார். அப்போதும் இரண்டு அங்குலம் நகர்ந்து படுத்துக்கொண்டது.

"என்கிட்ட குடுங்க மச்சான், பாக்குறேன்" என்றாள் கமர்ஜஹான்.

மீரான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை அவள் சாகிறவரை மறக்கவில்லை. "மதுரைக்காரனாலயே ஏலல. நீ என்னத்தப் பாக்கப் போற? அடுப்பு ஊதுற வேலையா இது?"

அவளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஓட்டிக் காமிச்சா என்ன செய்வீங்க?"

"கடைய பத்தி அப்புறம் வாயே தெறக்க மாட்டேன். ஓடலேன்னா கல்யாணத்தன்னைக்கே கடைய எனக்கு ஒழிச்சுக் குடுத்துரணும்."

"சரி!" என்று சொல்லி, இடுப்பிலிருந்த கடைச் சாவியை எடுத்து மாமியாரின் முன்னால் வைத்தாள். "மாமி, இது ஒங்ககிட்ட இருக்கட்டும். சாயங்காலம் கடை அடைச்சா வாங்கிக்கோங்க, காலையில குடுங்க. கல்யாணத்தன்னைக்கு யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியேடி" என்றார் காதர் பீவி. ஆனாலும் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

எஞ்சினைக் கடைக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். முதலில் சாவியைப் போட்டுச் சுற்றினாள். வில் நன்றாகவே இறுகியது. அப்படியென்றால் வில்லில் குற்றமில்லை, சொத்தைப் பல் இருக்க நல்ல பல்லைப் பிடுங்கின வைத்தியர் மாதிரி மதுரைக்காரர் வில்லை மாற்றியிருக்கிறார். சக்கரத்தை விரலால் தள்ளினாள். அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. டக்கென்று முட்டி நிற்கவில்லை, வெல்லப்பாகில் மாட்டிய மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. மூடியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனாள்.

கருவாட்டு நாற்றம்.

"அட பாவி மனுசா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். தோலை இளக்குவதற்காகத் தோல் ஷாப்பில் பீப்பாய் பீப்பாயாக மீன் எண்ணெய் கிடக்கும். தோலுக்கு அது பதம் கொடுக்கும். இரும்பில் ஊற்றினாலோ, நாள்பட நாள்பட வார்னிஷ் மாதிரி உறைந்து பல்லெல்லாவற்றையும் ஒட்ட வைத்துவிடும். தையல் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கெடுக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மீன் எண்ணெய் விட்டவர் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வைத்தாள். மூன்று சுற்று ஓடியது, மறுபடி படுத்துக்கொண்டது. மேலே இருந்த பிசுக்கு போனது, உள்ளே இருந்தது அசையவில்லை. சரி, முழுக்கப் பிரித்தால்தான் ஆகும் என்று முடிவு கட்டினாள். பிரிப்பதற்கு முன்னால் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, வில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர விட்டாள். அவசரப்பட்டு விட்டால் வில் சீறிக்கொண்டு வந்து கையைக் கிழித்துவிடும். பித்தளைப் பல்சக்கரங்களையும் அச்சுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, கழற்றின வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பரப்பினாள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பழைய சட்டியில் சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

நாற்றம் தெருக்கோடி வரை போனது. ஜும்மாவுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காதர் பீவி எழுந்தே வந்துவிட்டார்.

"என்னடி இது, கடையில மீன் ஆணமா காச்சுற?"

"எட்டிப் பாருங்க மாமி. ஒங்க மகன் ஊத்துன எண்ணெய்தான் கொதிக்குது."

காதர் பீவி சட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "ஆமாண்டி! போன நோம்புப் பெருநாளைக்கு இவன்தான், தோலே இளகுது, இரும்பு இளகாதான்னுட்டு ஒரு கிண்ணம் கொண்டாந்து ஊத்துனான்" என்று சொல்லி, வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

கொதித்ததைக் கழுவி, துருப்பிடிக்கும் முன் வெயிலில் சுடச்சுட உலர்த்தி, மறுபடி மாட்டினாள். ஊசி முனையில் தொட்டு ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். ஓட விட்டாள். ஓடியது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திக்கித் திக்கி நின்றது. விடுவாளா? துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் பல்சக்கரத்தில் அடையாளம் வைத்து, நிற்கிற இடத்தைப் பிடித்தாள். ஒரே ஒரு பல்லில், குறடு பட்ட இடத்தில், பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. மதுரைக்காரரின் கைங்கரியம்! பூட்டுச் சாவி ராவுகிற மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்தாள். அதற்கப்புறம் எஞ்சின் மேஜையைவிட்டு ஓடி விழப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தருமில்லாத கடையில், "ஓடுறியா, ஓடுறியா!" என்று கத்தினாள்.

மீரானுக்குச் சொல்லியனுப்பினார்கள். "சபையில ஓடட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. கல்யாணத்தன்று கமர்ஜஹானே வில்லை முறுக்கி, விசையை நிறுத்தத்தில் வைத்து எஞ்சினைக் கொடுத்தனுப்பினாள். எஞ்சின் சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டாள்.

கூடத்தில் ஆம்பளைகள், திரைக்கு இந்தப் பக்கம் பொம்பளைகள். திரை இடுக்கு வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மீரான் விசையைத் தள்ளினார். எஞ்சின் கற்கண்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பியது. முதல் சுற்று, சம்பந்தி அள்ளிக்கொண்டார். "அடேயப்பா, என்னமா ஓடுது! ரிப்பேராக் கெடந்துச்சுன்னாங்க, யாரு பாத்தது?" என்று கேட்டார்.

மீரான் கொஞ்சம்கூடக் கூசாமல், "மதுரையில நமக்கு வேண்டிய கடிகாரக்காரர் ஒருத்தர். தங்கமான கை" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளைப் பாருங்கள்! கமர்ஜஹானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மதுரைக்காரர் சரி பண்ணினதென்றால் பந்தயம் எங்கே, கடை எங்கே? மூன்று வருஷம் அவள் வேலை இன்னொருத்தர் பெயரில் போனது. அது அவள் புருஷன், அவளாகக் கொடுத்தாள். இதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இரண்டாம் சுற்று முடிந்தது. எந்தக் கல்யாணத்திலும் மூன்றாம் சுற்றுக்கு முன்னால் சாவி கொடுத்தாக வேண்டும். எஞ்சின் தளர்ந்து, மாப்பிள்ளைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டது. மாப்பிள்ளை நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மீரான் சட்டைப் பையைத் தடவினார், தாம்பாளத்துக்கு அடியில் பார்த்தார். பிறகு திரையருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கமரு, சாவி எங்க புள்ள? வெரசாக் குடு."

"மதுரைக்காரர்கிட்ட கேளுங்க மச்சான். தங்கமான கையாம்ல."

"வெளையாடாத. மாப்பிள்ளை வீட்டு ஆளுக பாத்துக்கிட்டு இருக்காக."

"அதுக்குத்தான் சொல்றேன். அவுக பாக்கையிலயே சொல்லுங்க, இதை ரிப்பேர் பண்ணுனது யாருன்னு. சாவி தன்னால வரும்."

மீரானின் நெற்றி வேர்த்தது. திரை இடுக்கு வழியே தம் அம்மாவைப் பார்த்தார், அம்மாவாவது அதட்டுவார் என்று. காதர் பீவி, "ஏலே, சொல்லித் தொலைலே. மாப்பிள்ளைக்குக் கை வலிக்கப் போகுது" என்றார்.

மீரான் கூடத்துக்குத் திரும்பித் தொண்டையைச் செருமினார். "அது வந்து... என் தம்பி சம்சாரம்தான்..."

"பேரு இருக்கு மச்சான்" என்றது திரைக்கு இந்தப் பக்கக் குரல்.

"கமர்ஜஹான்! கமர்ஜஹான்தான் சரி பண்ணுச்சு, போதுமா!"

திரைக்கு அடியில் சாவி வந்தது. கூடவே குரலும் வந்தது: "எட்டுச் சுத்துக்கு மேல முறுக்காதீங்க. மீன் எண்ணெயும் ஊத்தாதீங்க." பொம்பளைகள் பக்கம் எழுந்த சிரிப்பில் திரையே ஆடியது. அந்தச் சிரிப்பினூடே எஞ்சின் மூன்றாம் சுற்றுப் போய், மாப்பிள்ளை கையில் கற்கண்டைச் சேர்த்தது. காதர் பீவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடைச் சாவியை எடுத்து மருமகள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அடுத்த வாரமே பழைய போர்டு இறங்கியது. புதுப் போர்டில் 'கமர்ஜஹான் தையல் மிஷின் ரிப்பேர்' என்று எழுதியிருந்தது, ஒவ்வோர் எழுத்தும் சாண் உயரத்துக்கு. எஞ்சின் சாவியும் அன்றிலிருந்து அந்தக் கடைச் சுவர் ஆணியில்தான் தொங்கியது, யார் கேட்டும் அவள் கொடுக்கவில்லை.

1966-இல் மீரானின் இளைய மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஒரு நாள் மீரானே கடைக்கு வந்து, படியேறாமல் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். கமர்ஜஹான் மேஜைக்கு அடியில் குனிந்து, விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கடையில ஆளு யாரும் இல்லையா?" என்றார்.

மிஷினுக்காகக் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேடசந்தூர் பொம்மையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏனுங்க பாய்," என்றார், "போர்டைப் படிக்கலீங்களா?"