நண்டு மாதிரி வாங்கோ, அப்பா!

போன வருடம் ஏப்ரல் மாதம், பள்ளிக்கூடங்களின் வசந்தகால விடுமுறையில், மெக்சிக்கோவின் கடற்கரை விடுதி ஒன்றில் நடந்தது இது. நாங்கள் இருப்பது பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில். என் கணவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். நான் அங்கே ரூ காய் தெருவில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவள் பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள்.

விடுமுறை என்றால் எங்களுக்கு லண்டனில் தம்பி வீடு, இல்லாவிட்டால் ஊர். இரண்டுமே போய் இறங்கியதும் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சுற்றுகிற பயணங்கள். அந்த முறை திருத்த வேலைக்காகக் கணவரின் உணவகத்தை மூடியிருந்தார்கள். செப்டம்பரில் மகள் படிப்புக்காக லியோனுக்குப் போகவிருந்தாள். அதற்கு முன்பு மூன்று பேரும் எங்காவது போய் வரலாம் என்று யோசித்தபோது, மெக்சிக்கோ என்று சொன்னவள் அவள்தான். பள்ளியில் ஸ்பானிய மொழி படித்தவள். பேசிப் பார்க்க ஆசை.

ரூ லூயி-பிளாங் தெருவில் டிக்கெட் போட்டுத் தருகிற அண்ணை, "மெக்சிக்கோவோ? அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. அதுக்குத்தான் போறம்" என்றேன்.

வெளியில் பகிடி விட்டாலும், எனக்கு உள்ளுக்குள் ஒரு கவலை இருந்தது. அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது குறைந்து வெகுகாலமாகியிருந்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. அவர் தமிழில் கேட்பார், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் அவருடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சுதான். அவள் வேகமாகப் பேசினால் பாதி பிடிபடாது. ஆனால் திருப்பிக் கேட்கவும் மாட்டார். "ம்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவளும் வர வர "உய் பப்பா", "நொன் பப்பா" என்று ஆம், இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டாள். பிள்ளை தமிழை மறந்துவிட்டாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். லியோனுக்குப் போனபிறகு தொலைபேசியில் இவர்கள் என்னத்தைப் பேசப் போகிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

விடுதி அழகாகத்தான் இருந்தது. கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் எங்கேயும் சாப்பிடலாம். மாம்பழத் துண்டுகளில் மிளகாய்த்தூள் தூவி எலுமிச்சை பிழிந்து தந்தார்கள். அதைக் கண்டதும் கணவரின் முகம் மலர்ந்தது. சிறு போத்தல்களில் இருந்த உறைப்புச் சாற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்து, எதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மகள் கடற்கரைக் காவலர்களிலிருந்து அறை துப்புரவாக்குகிற பெண்கள்வரை எல்லாரிடமும் ஸ்பானிய மொழியில் கதை கேட்டுக்கொண்டு திரிந்தாள். "ஊர் பேர் தெரியாதவையோடை எல்லாம் கதைக்கிறாள், என்னோடை மட்டும் வாய் திறக்கிறாள் இல்லை" என்றார் கணவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அது சிரிப்பு இல்லை.

ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரைக்குப் போனோம். மஞ்சள் கொடி ஏற்றியிருந்தார்கள். கடலில் இறங்கலாம், ஆனால் கவனம் என்று அர்த்தம். கணவர் பருத்தித்துறைக் கடலோரத்தில் வளர்ந்தவர், நன்றாக நீந்துவார். நான் பார்த்துப் போகச் சொன்னதற்கு, "கடலை எனக்குச் சொல்லித்தாறியோ?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கரை நெடுக அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லாமல் தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. நல்ல இடம் என்று அவர் அங்கே இறங்கினார். அந்த அமைதிதான் ஆபத்து என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிப் போகுமாம். ஆற்றைப்போல இழுக்குமாம்.

கொஞ்ச நேரத்தில் நான் நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய தலை தூரத்தில் தெரிந்தது. கரையை நோக்கித்தான் நீந்திக்கொண்டிருந்தார். கைகள் வேகமாக வீசி விழுந்தன. ஆனால் தலை கிட்ட வரவில்லை. இன்னும் தள்ளிப் போனது. நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் கண்டுவிட்டார்கள். ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். யாரோ விசில் ஊதினார்கள். காவல் கோபுரத்திலிருந்து ஒருவர் செம்மஞ்சள் மிதவையோடு ஓடிவரத் தொடங்கினார், ஆனால் அவர் கரையின் மறுமுனையில் இருந்தார்.

ஓர் அலை வந்து கணவரை மூடியது. மறுபடி தலை தெரிந்தபோது கைகள் முன்போல வீசவில்லை. களைத்துவிட்டார் என்று தெரிந்தது.

அப்போதுதான் மகள் என்னைத் தாண்டி ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"அப்பா! நேரா வராதேங்கோ! அப்பா!"

அடுத்த சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. பக்கவாட்டாக என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் அவளிடம் இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு பக்கமாக ஆட்டிக்கொண்டு, நினைவில் அகப்பட்டதைச் சொன்னாள்.

"நண்டு! அப்பா, நண்டு மாதிரி! நண்டு மாதிரி வாங்கோ!"

அத்தனை இரைச்சலுக்குள்ளும் அவருடைய தலை அவள் பக்கம் திரும்பியதை நான் கண்டேன். கரைக்கு நீந்துவதை விட்டார். உடம்பைத் திருப்பி, கரைக்குச் சமாந்தரமாக மெல்ல மெல்ல நீந்தத் தொடங்கினார். மகளும் தண்ணீருக்குள்ளேயே அதே பக்கமாக நடந்துகொண்டு, "ஓம் அப்பா! அப்பிடித்தான்! நண்டு!" என்று விடாமல் கத்தினாள். நான் மணலில் அவள் கூடவே ஓடினேன். எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

அந்த இழுவையைத் தாண்டியதும் வெள்ளை அலைகள் அவரை வாங்கிக் கரைப்பக்கம் தள்ளின. காவலர் நீந்திப் போய் மிதவையைக் கொடுத்து அவரைக் கூட்டிவந்தார். மணலில் குப்புற விழுந்து உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். நெஞ்சு துருத்திபோல அடித்தது. உயிரோடு இருந்தார். அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு அளவில்லை.

விடுதி மருத்துவர் வந்து பார்த்துப் பயமில்லை என்றார். காவலர் மகளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்து, இரண்டு கைகளையும் நண்டுக் கொடுக்குபோல மடக்கிக் காட்டினார். முந்தின நாள் இந்தக் கொடிகளுக்கு என்ன அர்த்தம் என்று அவள் அவரிடம்தான் கேட்டாளாம். இழுவையில் அகப்பட்டால் அதை எதிர்த்து நீந்தக்கூடாது, பக்கமாக விலகித்தான் வெளியே வர வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கணவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார்.

"எல்லாரும் கத்தினவை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உன்ரை சத்தம் மட்டும்தான் விளங்கினது" என்றார். பிறகு, "தமிழ் மறந்துபோச்செண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார்.

அவள் மணலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "மறக்கேல்லை அப்பா. நான் பிழையாக் கதைக்கிறன். கலியாண வீட்டிலை நான் கதைக்க மாமி ஆக்கள் எல்லாரும் சிரிச்சவை. பிறகு எனக்கு வெக்கம்" என்றாள். நிறுத்தி நிறுத்தி, சொல் தேடித் தேடித்தான் சொன்னாள்.

எந்தக் கலியாண வீடு என்று எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு இருந்திருக்கிறது.

அவர் ஈரக் கையால் அவள் தலையைத் தடவினார். "நண்டெண்டது நல்ல தமிழ். அதைவிடத் திறமான சொல்லு அந்த நேரத்திலை ஒருத்தராலும் சொல்லேலாது" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மீதி நாட்களில் கணவர் முழங்காலுக்கு மேலே நனையவில்லை. ஆனால் பின்னேரங்களில் இரண்டு பேரும் கரையோரம் வெகுதூரம் நடந்துவிட்டு வருவார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

இப்போது மகள் லியோனில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். தொலைபேசி கணவரிடம் போனால் எனக்குத் திரும்பி வருவதற்கு நேரமாகும். அவள் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. தெரியாத சொல் வந்தால் இப்போது இவரும் வெட்கப்படாமல், "அதென்ன, இன்னொருக்காச் சொல்லு" என்று கேட்கிறார். கடைக்கு வருகிற தாய்மார், பிள்ளை தமிழே பேசுவதில்லை என்று என்னிடம் குறைப்படும்போதெல்லாம் அந்தக் கடற்கரைதான் என் கண்முன் வருகிறது: பதில் சொல்லாத பிள்ளைகளும் நாங்கள் பேசுவதை இத்தனை வருடமாக உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை அன்று நான் என் காதால் கேட்டேன்.