முன்வரிசைக்குத் திரும்பிய கேமரா

பெங்களூரில் ஒரு மாநாட்டில் பேச்சுகளை நேரலையாக அனுப்பியவர் அவர். ஒட்டிய கன்னம், எப்போதும் ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன். இலவச மென்பொருள் போட்ட பழைய லேப்டாப். கேமராவாக மேடைக்கு ஒரு போன், கூட்டத்துக்கு ஒரு போன். யாராவது கொட்டாவி விட்டால் படத்தை உடனே அங்கே மாற்றிவிடுவார்.

அங்கே நான் பேசிய அன்று, மர்பி டவுனில் உள்ள என் வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுப் பார்த்தேன். குரல் என்னுடையது. படம் முழுக்க, முன்வரிசையில் வாயைத் திறந்து தூங்கும் என் மனைவி.

மறுநாள் அவரிடமே கேட்டேன். "என்னைக் காட்டவே இல்லையே சார்?"

"பேச்சு எப்படி இருந்துச்சுன்னு காட்டணும்ல சார்."

"அது என் வீட்டுக்காரம்மா."

"தெரியும். அவங்க தூங்குறதை நீங்களும் பார்த்தீங்க. பேச்சை நிறுத்தலையே."

சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை இன்னொரு காதிலும் இழுத்து மாட்டிக்கொண்டார்.