சின்னப்பொண்ணு கம்பளி

ஈரக் கம்பளிக்கு ஒரு வாசனை உண்டு. ஆட்டு மயிரும் அடுப்புப் புகையும் காபிப் பழத்தோலின் புளிப்பும் சேர்ந்த வாசனை அது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அந்த வாசனை கதவைத் தாண்டி உள்ளே வந்தால் அம்மா வேலை விட்டு வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். கம்பளியின் ஒரு முனையை உள்ளே மடக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டால் முதுகு வரைக்கும் மழை படாது. அதை எங்கள் பக்கத்தில் "கொங்காடை" என்பார்கள். மூடுபனியில் பத்துப் பெண்கள் கொங்காடை போட்டுக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே வருவதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் பயந்துபோவார்கள். எங்களுக்கோ, அதில் யார் நம் அம்மா என்பதுதான் கவலை.

அந்தக் கவலைக்கு எஸ்டேட் பெண்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். காபிப் பழம் அளக்கும் கொட்டகையில் எல்லாக் கம்பளிகளையும் ஒரே கம்பியில் காயப் போடுவார்கள். எல்லாம் ஒரே கறுப்பு. அதனால் ஒவ்வொருத்தியும் தன் கம்பளி மூலையில் சிவப்பு நூலால் ஓர் அடையாளம் தைத்துக்கொள்வாள். ஒருத்திக்கு ஏணி, ஒருத்திக்கு வட்டம். பக்கத்து வீட்டு மாதம்மாவுக்கு மீன் முள். என் அம்மா சின்னப்பொண்ணுக்குக் கோழிக்கால், அதாவது மூன்று விரலும் ஒரு குதிகாலும். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவின் கையெழுத்து அதுதான்.

பிள்ளைகளே, இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினோரு வயது. அரையாண்டு விடுமுறை. எங்கள் எஸ்டேட்டின் பழைய பங்களாவில் ஒரு பேய்ப் படம் எடுக்க ஆட்கள் வந்திறங்கினார்கள். பேய்ப் படம் என்றாலும் சிரிக்க வைக்கிற படம். ஒரு மியூசியத்துக்குக் காவல் வேலைக்கு வரும் பயந்தாங்கொள்ளியை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பழைய சாமான்கள் எல்லாம் எழுந்து துரத்துவதுதான் கதை என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த மியூசியத்தை நிரப்பப் பழைய சாமான் வேண்டும் என்று படக்காரர்களில் கண்ணாடி போட்ட ஒருவர், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளுக்கு வந்தார். பொருள் கொடுப்பவர்கள் பக்கத்தில் நின்று ஷூட்டிங் பார்க்கலாம் என்றார். யாரோ உடைந்த லாந்தர் கொடுத்தார்கள், யாரோ துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டி கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் உடைந்தது, துருப்பிடித்தது என்று தனியாக எதுவும் இல்லை. இருந்தது அத்தனையும் புழக்கத்தில் இருந்தது. அன்று வெயில் அடித்ததால் அம்மா கம்பளியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு அதைச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் தூறல் பிடித்துக்கொண்டது. அம்மா வீடு முழுக்கத் தேடிவிட்டு, உரச்சாக்கு ஒன்றைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு பழம் பறிக்கப் போனாள். சாக்கு மழையைத் தடுக்காது. கழுத்து வழியாக உள்ளே இறங்கும். மூன்றாம் நாள் அவளுக்கு இருமல் கண்டது. இருமல் கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்கார்வேன், பிறகு படுத்துக்கொள்வேன். அதைவிடப் பெரிய கெடுதல் கொட்டகையில் நடந்தது. அம்மா கம்பியில் தொங்கிய கம்பளிகளின் மூலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மாதம்மாவின் கம்பளியைத் திருப்பும்போது அவள் பார்த்துவிட்டாள். என்னைத் திருடி என்றா நினைத்தாய் என்று கேட்டவள், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரே அடுப்பில் நெருப்பு வாங்கிப் பழகிய இரண்டு வீடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

நான்காம் நாள் மியூசியம் பார்க்க வந்த கூட்டமாக நடிக்க எஸ்டேட் பெண்களை அழைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி திறக்கும், உள்ளே இருப்பது தானாக எழும்பும், நீங்கள் எல்லோரும் அலறிக்கொண்டு ஓட வேண்டும் என்று டைரக்டர் சொல்லிக்கொடுத்தார். அம்மா ஒரு கோடியில் நின்றாள், மாதம்மா மறு கோடியில். நான் வாசல் தூணை ஒட்டி நின்றேன். பெட்டிக்குள் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியுமே.

கேமரா ஓடியது. நூல் கட்டிய கம்பளி மெல்ல எழும்பி, கொங்காடை போட்ட ஆள் மாதிரியே தலையை நிமிர்த்தி, காவல்காரராக நடித்தவரை நோக்கி வந்தது. பெண்கள் அலறினார்கள். கம்பளி ஒரு சுற்றுச் சுற்றியது, மூலை தெரிந்தது. அலறல் பாதியில் நின்றுவிட்டது.

"ஏனுங்க, நில்லுங்க," என்றாள் மாதம்மா. "அது சின்னப்பொண்ணு கம்பளிங்க. கோழிக்கால் பாருங்க. நாலு நாளா என்னயத் திருடின்னு நெனச்சாளே, பேய்தான் எடுத்துருக்குது."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. பேய்க்குப் பயந்து ஓட வேண்டிய நடிகரும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை கம்பளியிலிருந்து இறங்கி நேராக என்மேல் வந்து நின்றது. பிறகு கேமராவுக்குக் குறுக்கே நடந்து போய், நூலை அறுத்துக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணாடி போட்டவர் ஓடி வந்து, வெளிச்சம் போய்விடும், இந்த ஒரு ஷாட் மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினார். அந்தச் சிவப்புத் தையலை மந்திரவாதி போட்ட கட்டு என்று அவர் கதை கட்டியிருந்தாராம். அம்மா பெட்டியின் கீழே நட்டிருந்த பலகையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"படி சாமி. எல்லாருக்கும் கேக்கறாப்புல."

படித்தேன். "இதைப் போர்த்தியவள் உயிருடன் இல்லை. தொட்டவரும் பிழைப்பதில்லை."

என் வாயாலேயே அது வந்தது. பெண்களின் சிரிப்பு அடங்கிவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருத்தியைப் பற்றி அப்படி ஒரு சொல்லை எங்கள் லைனில் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். டைரக்டர் முன்னால் வந்து, இது சும்மா படத்துக்குத்தான் அம்மா என்றார்.

"படம் எடுங்க, வேண்டாங்கல," என்றாள் அம்மா. "பேய்க்கு வேற துணி பாருங்க. இது வேலைக்குப் போற கம்பளி. சொந்தக்காரி இங்க நிக்கறேனுங்க."

அப்புறம் பலகையைப் பிடுங்கி என் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னாள். பெயின்டர் ஒருவர் பிரஷை நீட்டினார். அம்மா சொல்லச் சொல்ல, கோணல்மாணலாக எழுதினேன்: "இது சின்னப்பொண்ணு கம்பளி. ஆளு காபி பறிக்கப் போயிருக்குது."

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கம்பளியோடு அந்தப் பலகையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று மாலை அம்மா என்னை மாதம்மா வீட்டு வாசலுக்கு இழுத்துப் போய், எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வைத்தாள். உன் கம்பளியைத் திருப்பிப் பார்த்தது என் தப்பு என்று அம்மாவும் சொன்னாள். இரண்டும் சொல்லி முடிவதற்குள் மாதம்மா டீத்தண்ணி கொண்டுவந்துவிட்டாள்.

படம் வந்ததும் லைனே பஸ் ஏறிச் சேலம் போய்ப் பார்த்தது. கம்பளிக்குப் பதில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு பறந்தது. திரும்ப எடுத்த அந்தக் காட்சியில் எல்லோரையும்விட உரக்க அலறியது என் அம்மா. பக்கத்தில் மாதம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது திரையில் அப்படியே தெரிந்தது.

இன்றைக்கு அந்தப் படம் எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை. லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். கம்பளி காய்ந்த கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். இப்போது பறிக்க வருகிறவர்கள் பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொள்கிறார்கள். அது நல்லதுதான், நனையாது. மாதம்மா போய்விட்டாள். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது.

போன மாதம் அந்தப் பங்களாவில் தங்கும் விடுதி நடத்துகிற இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வரவேற்பறையில் பழைய எஸ்டேட் சாமான்களைக் காட்சிக்கு வைக்கிறாராம். கம்பளியும் வேண்டும், பலகையும் வேண்டும் என்றார். சரி என்றேன். பிறகு அவர் தயங்கித் தயங்கி, "அம்மா இப்ப இல்லீங்களே. 'சின்னப்பொண்ணு பயன்படுத்திய கம்பளி'ன்னு மாத்திக்கலாமுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மா இல்லை என்று என் வாயால் ஒரு தடவை படித்தது போதும்.

கம்பளி இப்போதும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. அங்கங்கே பூச்சி அரித்துவிட்டது, கோழிக்காலில் ஒரு விரல் போய்விட்டது. தூறல் விழுகிற காலையில் என் மகள் அதை எடுத்துக் கொங்காடை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் பேய் வருது என்கிறார்களாம். வரட்டும் என்று சொல்லிவிட்டு அவள் தலையை இன்னும் நன்றாக மூடிக்கொள்கிறாளாம். அந்த நேரத்தில் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால் வெறும் ஆணியும் அதன் கீழே மாட்டிய பலகையில் என் கோணல் எழுத்தும்தான் இருக்கும். ஆளு காபி பறிக்கப் போயிருக்குது.